கூரை கழற்றப்பட்ட கோட்டை

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் எண்ட சின்ன ஊருக்குத் தெற்கே டனோட்டார் கோட்டை இருக்கிறது. கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பாறை, அதன் உச்சியில் ஏறக்குறைய 50 மீற்றர் உயரத்தில் இடிபாடுகள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் பாறையே கூழாங்கல்லைச் சீமெந்தோடு குழைச்சுக் கொட்டினது மாதிரிக் கிடக்கு. கரையிலிருந்து படியிறங்கி, திரும்ப ஏறித்தான் உள்ளே போகலாம். நான் போன நாள் தூறல், படியெல்லாம் வழுக்கல்.

இதைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை கிரீடக் கதை. குரொம்வெல்லின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டு 1652 இல் கோட்டையைப் பிடித்தபோது, தேடி வந்த கிரீடமும் செங்கோலும் வாளும் அங்கே இல்லை. முன்னரே வெளியே கடத்தி, கினெஃப் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் போதகரின் மனைவி கிரீடத்தை உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோனாராம். நல்ல கதைதான், மறுக்கேல்ல.

ஆனால் கோட்டையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது பீரங்கி மட்டுமில்லை. அதை ஆண்ட கீத் குடும்பம் 1715 கிளர்ச்சியில் தோற்ற பக்கம் நின்றது. சொத்துப் பறிபோனது. பிறகு அதை வாங்கிய கம்பனி, கழற்றி விற்கக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி விற்றது. கூரை போனால் மிச்சத்தை மழையும் கடற்காற்றும் பார்த்துக்கொள்ளும்தானே.

என்னை நிறுத்தினது வேறொரு அறை. 1685 இல், சமய விடயத்தில் அரசனைத் தலைவனாக ஏற்க மறுத்த 122 ஆண்களையும் 45 பெண்களையும் அதற்குள் அடைத்தார்கள். நீளமான, கல்வளைவு போட்ட நிலவறை. கோடைகாலம். கணுக்கால் மட்டும் சேறு, இருக்கவும் இடமில்லை. கடலைப் பார்த்த யன்னலடியில் மூச்சுக்காக முண்டியடித்திருப்பார்கள். சிலர் அதற்குள்ளால் தப்பப் பார்த்தார்கள். பாறையில் விழுந்து செத்தவர்களும் உண்டு. பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள். கொஞ்சப் பேர் சத்தியம் செய்து வெளியேறினார்கள். மறுத்த பலரை நியூஜேர்சிக்குக் கப்பலேற்றினார்கள். அந்தப் பயணத்தில் காய்ச்சல் கண்டு இறந்தவர்கள் ஏராளம்.

கிரீடம் இப்ப எடின்பரோக் கோட்டையில், கண்ணாடிக்குள், காவலோடு. அடைபட்டுச் செத்தவர்களுக்கு டனோட்டார் தேவாலய முற்றத்தில் ஒரு கல் இருக்கிறது.

நிலவறைக்குள் நான் நின்ற நேரம் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்து, 'இதுக்குள்ள ஒண்டுமில்லை' எண்ட மாதிரித் திரும்பிப் போனார்கள். வெளிய வெயில் வந்திருந்தது. படம் எடுக்க நல்ல வெளிச்சம்.