இவெத் கில்பேரின் இரண்டாம் பாதி

துலூஸ்-லோத்ரெக் வரைந்த 'திவான் ஜாப்போனே' சுவரொட்டியை ஏதாவது ஒரு காலண்டரிலோ காபிக்கடைச் சுவரிலோ பலரும் பார்த்திருப்பார்கள். முன்னால் கறுப்பு உடையும் பெரிய தொப்பியுமாக உட்கார்ந்திருப்பவர் நடனக்காரி ஜேன் அவ்ரில். பக்கத்தில் எழுத்தாளர் துஜார்தேன். இவர்களுக்குப் பின்னால் மேடையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தலை இல்லை; படத்தின் மேல் விளிம்பு கழுத்தோடு வெட்டிவிட்டது. இருந்தாலும் 1893-ல் அதைப் பார்த்த பாரிஸ்காரர்களுக்கு அது யார் என்று கேட்கத் தோன்றியிருக்காது. முழங்கைக்கு மேல் ஏறிய கறுப்புக் கையுறையே இவெத் கில்பேரைக் காட்டிக்கொடுத்துவிடும். முகத்தையும் உதட்டையும் வைத்துப் பிழைத்த ஒரு பாடகிக்கு முகமே தேவைப்படாத அளவுக்குப் புகழ் வந்துவிட்டது. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. பொதுவாக அவருடைய வாழ்க்கையை இப்படித்தான் சொல்கிறார்கள்: 1890-களில் பத்தாண்டு உச்சம், பிறகு நோய், அதன்பின் பழம்பாடல், பள்ளிக்கூடம், நினைவுக்குறிப்பு என்று ஒரு நீண்ட ஓய்வுக்காலம். என் கட்சி வேறு. பிந்திய நாற்பது ஆண்டுகளை முந்திய பத்தாண்டுகளின் வாலாகப் பார்ப்பது தவறு. இரண்டிலும் அவர் செய்தது ஒரே வேலை. இரண்டாவது முறை கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்தார், அவ்வளவுதான்.

அந்த வேலை என்ன என்பதற்கு அவர் தொடங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். 1865-ல் பாரிஸில் பிறந்தவர். வறுமை. தாயோடு தையல் வேலை, பதினாறு வயதுவாக்கில் பிரேந்தான் பேரங்காடியில் உடைகளைப் போட்டுக்காட்டும் வேலை. பிறகு நாடகத்தில் சில்லறை வேடங்கள், அதிலிருந்து காஃபே-கான்சேர் என்ற கேளிக்கை அரங்குகள். குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டும் இருக்கும் கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க வைப்பதுதான் அங்கே பாடகியின் முதல் கடமை. பெரிய குரல், பூரிப்பான உடம்பு, ஆட்டம், கண்சிமிட்டல் எல்லாம் அந்தத் தொழிலின் மூலதனம். கில்பேரிடம் இதில் ஒன்றுகூட இல்லை. ஒல்லி, நீண்ட கழுத்து, நீண்ட மூக்கு, செம்பட்டைத் தலைமுடி. குரலும் சிறியது. 'எல்தொராதோ' போன்ற பெரிய அரங்குகளில் தொடக்கத்தில் அவர் எடுபடவில்லை. இல்லாததை இருப்பதுபோல் காட்ட முயலாததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். நகையில்லாத, மடிப்பில்லாத, பச்சையோ மஞ்சளோ ஆன ஒரு பட்டுக் கவுன். அதோடு கறுப்புக் கையுறை. கறுப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் சிக்கனம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கையுறை தினமும் அழுக்காகும், கறுப்பு ஆகாது. மார்த்தீர் தெருவில் இருந்த திவான் ஜாப்போனே என்ற சிறிய கேளிக்கை அரங்கின் மேடை எவ்வளவு குறுகல் என்றால், யோசிக்காமல் கையைத் தூக்கினால் கூரையில் இடிக்கும். ஆகவே கைகள் தொங்கின, உடம்பு அசையாமல் நின்றது, அசைய வேண்டியதெல்லாம் முகத்துக்குப் போயிற்று. பின்னாளில் ஓவியர்கள் கண்டு வியந்த 'பாணி' கூரையின் உயரத்திலும் சலவைக் கணக்கிலும் பிறந்தது.

கூட்டத்தை அடக்கும் குரல் இல்லாததால், கூட்டம் தானாக அடங்கும்படி ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அது வழக்கறிஞராக இருந்துகொண்டே பாட்டெழுதிய சான்ரோஃபிடம் கிடைத்தது. அவருடைய 'ஃபியாக்ர்' என்ற பாட்டில் ஒரு வாடகைக் குதிரைவண்டி திரையை இறக்கிவிட்டுத் தள்ளாடித் தள்ளாடிப் போகிறது. உள்ளே முத்தச் சத்தம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஒரு பெண் தன் காதலனிடம் கேட்பது வெளியே கேட்கிறது. தெருவில் போன கிழவர் ஒருவர் அது தன் மனைவியின் குரல் என்று தெரிந்து வண்டியை நோக்கிப் பாய்கிறார். ஈரத்தில் வழுக்கிச் சக்கரத்தின் கீழ் நசுங்குகிறார். அம்மாள் இறங்கிப் பார்த்து, இனி ஒளிய வேண்டியதில்லை, வண்டிக்காரனுக்கு நூறு காசு கொடு என்கிறாள். மெட்டு குதிரையின் ஓட்டத்தைவிடச் சிக்கலானதல்ல; ஒரு குழந்தைகூடப் பாடிவிடும். கில்பேர் செய்தது மெட்டை ஓடவிட்டு, அதன் மேல் கிழவர், மனைவி, கதைசொல்லி என்று ஆளாளுக்கு ஒரு வாயை வைத்தது. முடிவில் வரும் அந்தக் காசுக் கணக்கை அழுத்தாமல், வீட்டுச் செலவு சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார். சிரிப்பு அவர் முகத்தில் வராது, சபையில் வரும். இதே ஆள்தான் ஜூல் ஜுயியின் 'குடிகாரி'யையும் பாடினார்: தெருப் பையன்கள் துரத்த, தள்ளாடிப் போகும் ஒரு பெண்ணின் பாட்டு. ரிஷ்பேன் எழுதிய இன்னொன்று தமிழ் மேடைப் பேச்சு கேட்டவர்களுக்குப் புதிதில்லை. காதலி கேட்டாள் என்று தாயின் இதயத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் மகன் தடுக்கி விழுகிறான். தரையில் உருளும் இதயம் 'அடிபட்டதா' என்று அவனைக் கேட்கிறது. நம் பட்டிமன்றங்களில் இந்தக் கதைக்கு இருமல் வரும் அளவுக்கு உருக்கம் ஏற்றுவார்கள். கில்பேரின் முறையில் அதற்கு இடமில்லை. சொல்லைத் தெளிவாகச் சொன்னால் மீதியைக் கேட்பவன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. பாடகி என்பதைவிடச் 'சொல்லுகிறவர்' என்றே பாரிஸ் அவரை அழைத்தது சரிதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். லோத்ரெக் வரையாவிட்டால் இந்த அம்மாளை இன்று யார் நினைத்திருப்பார்கள்? கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1891-லேயே ஓவியர் ஷெரே அவருக்குச் சுவரொட்டி வரைந்துவிட்டார். 1894-ல் இன்னொரு ஓவியரான ஸ்டைன்லன் வரைந்தார். லோத்ரெக் தாமும் ஒன்று வரையத் திட்டமிட்டு மாதிரி அனுப்பியபோது கில்பேர் ஏற்கவில்லை. கடவுளே, இவ்வளவு அவலட்சணமாக வேண்டாம், கொஞ்சம் குறையுங்கள் என்று கடிதம் எழுதினார். அந்த மாதிரி அச்சேறாமல் இன்று ஆல்பி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, அப்போதைக்குப் பாடகியின் புகழ்மேல் ஓவியர்தான் ஏறி நின்றார். அதே 1894-ல் விமர்சகர் ஜெஃப்ருவாவின் உரையோடு லோத்ரெக் ஒரு கல்லச்சுத் தொகுப்பு வெளியிட்டார். நூறு பிரதிகள், பதினாறு படங்கள், பச்சை மையில். மேலட்டையில் ஆளே இல்லை. கழற்றிப் போட்ட கறுப்புக் கையுறைகள் மட்டும் தொங்குகின்றன. தலையை வெட்டியவர், அடுத்த ஆண்டே உடம்பையும் நீக்கிவிட்டார். உள்ளே இருக்கும் படங்கள் அற்புதமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு சொல் உதட்டை விட்டுப் போகும் கணத்தை இத்தனை துல்லியமாகப் பிடித்தவர் குறைவு. ஆனால் சொல் கேட்காது. கேட்காத பாட்டுக்கு ஒரு பொருள் வேண்டும். அந்த இடத்தில் கையுறை வந்து உட்கார்ந்துகொண்டது. கில்பேர் இதற்கு வெறும் பலி என்றும் சொல்ல முடியாது. அந்த நூறு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். சின்னத்தின் விலை அவருக்குத் தெரியும். அதைத் தைத்ததும் அவரே.

1897-ல் மாக்ஸ் ஷில்லரை மணந்தார். அந்தப் பத்தாண்டின் முடிவில் சிறுநீரக நோய், தொடர் அறுவைச் சிகிச்சைகள். எழுந்து வந்தபோது அவருக்குப் பழைய பாடல்கள் மேல் பித்துப் பிடித்திருந்தது. நூலகங்களிலும் பழம்புத்தகங்களிலும் தேடி, நடுக்கால ஃபிரான்சின் கதைப்பாடல்கள், பதினெட்டாம் நூற்றாண்டுக் குறும்புப் பாட்டுகள், கிறிஸ்து பிறப்பையும் பாடுகளையும் சொல்லும் நாட்டார் பாடல்கள் என்று திரட்டினார். 'பொம்பதூர் பாடல்கள்', 'கிரினோலின் பாடல்கள்' என்று காலத்துக்கேற்ற உடையணிந்து நிகழ்ச்சிகள் நடத்தினார். முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா போய் 1922 வரை அங்கே இருந்து, நியூயார்க்கில் பள்ளி வைத்துக் கற்பித்தார். 'கிபூர்' என்ற 14ஆம் நூற்றாண்டு அற்புத நாடகத்தை மேடையேற்றினார். பாட்டை எப்படிப் பாடுவது என்று 1918-ல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய புத்தகத்தில் தம்முடைய முகத்தையே வரிசையாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்: இது ஏளனம், இது களிப்பு, இது அச்சம். மருத்துவப் பாடநூலில் நரம்பைக் காட்டுவதுபோல. ஓவியர் தேவையில்லை என்று நீக்கிய உறுப்பை இவர் தம் செலவில் திரும்ப ஒட்டுகிறார் என்று அதை நான் வாசிக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கேபரேயிலிருந்து மாதா பாடலுக்குப் போனது கலை வளர்ச்சியல்ல, அந்தஸ்து தேடல். விபசாரத்தையும் குடியையும் பாடிப் பணம் சேர்த்தவர், வயதானதும் வரவேற்பறைக்கு ஏற்றபடி வேடம் மாற்றிக்கொண்டார் என்பது அது. அவருடைய பேச்சே இதற்கு இடம் கொடுக்கிறது. காஃபே-கான்சேரையும் தம் ஆரம்பப் பாட்டுகளையும் பற்றிப் பிற்காலத்தில் அவர் இளக்காரமாகப் பேசியதுண்டு. கௌரவத்தின் மீது அவருக்கு ஆசை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1932-ல் லெஜியன் ஆஃப் ஹானர் விருது பெற்றபோது அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற ஆள் அல்ல அவர். ஆனால் பேச்சைவிடப் பாட்டுகளின் பட்டியல் நம்பகமான சாட்சி. நிறைமாத கர்ப்பிணியோடு சத்திரம் சத்திரமாகத் தட்டி விரட்டப்படும் யோசேப்பின் கதையைச் சொல்லும் பழம்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சத்திரக்காரி ஒருத்தி, கெஞ்சும் கணவன் ஒருவன், களைத்த பெண் ஒருத்தி, இவர்களுக்கிடையே விலகி நிற்கும் கதைசொல்லி. கட்டுமானம் 'ஃபியாக்ர்' போலவே: எளிய மெட்டு, பல வாய்கள், தெருவில் நிற்கும் மனிதர்கள். தெருப் பையன்கள் விரட்டிய குடிகாரியும் சத்திரக்காரர்கள் விரட்டிய மரியாளும் ஒரே தொண்டையிலிருந்து வருவதில் முரண் எதுவும் இல்லை. நடுக்காலப் பாடல்களிலும் அவர் தேடிப் பொறுக்கியது பக்தியின் வழவழப்பை அல்ல; முரட்டுத்தனமான, ஆள்நடமாட்டமுள்ள பாட்டுகளையே. அந்தஸ்துதான் குறி என்றால், அறுபதைத் தாண்டிய வயதில், 1930-களில், 'ஃபியாக்'ரையும் 'மதாம் ஆர்தூ'ரையும் இசைத்தட்டில் மறுபடி பதிவுசெய்திருக்கத் தேவையில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: காலத்து உடை, தொப்பி, பாவனை ஆகியவற்றோடு அவர் பழம்பாடல்களை அலங்கரித்த விதம் இன்றைய இசை ஆய்வாளர்களுக்குக் கூச்சம் தரும். வெறுங்கவுனோடு நின்றவருக்கு அந்த ஜோடனை எதற்கு என்று எனக்கும் தோன்றுவதுண்டு.

இந்த விவாதத்தில் எதிர்பாராத ஒருவர் நுழைகிறார்: சிக்மண்ட் ஃபிராய்ட். கில்பேரின் தீவிர ரசிகர்; கையெழுத்திட்ட அவர் படத்தைத் தம் அறையில் மாட்டியிருந்தார். 1931-ல் இருவருக்கும் கடிதத்தில் ஒரு சச்சரவு நடந்தது. பாடும்போது தம்முடைய சொந்த ஆளுமையை முழுக்க விலக்கிவிட்டு, பாட்டின் பாத்திரத்தை அங்கே வைப்பதாகக் கில்பேர் நம்பினார். ஃபிராய்ட் அதை ஏற்கவில்லை. கலைஞர் தம்மை விலக்கவில்லை. வாழ்க்கையில் வளரவிடாமல் அடக்கப்பட்ட ஆசைகளையும் இயல்புகளையும்தான் அந்தப் பாத்திரங்களுக்குக் கொடுக்கிறார் என்பது அவர் வாதம். பாடகியும் மறுத்தார், கணவரும் மறுத்தார். கணவருக்குத் தனியே ஒரு கடிதம் எழுதி ஃபிராய்ட் தம் நிலையைத் தளர்த்தாமல் விளக்கினார். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பளிக்கப் போவதில்லை. பாடகி தம் தொழில்நுட்பத்தைச் சொன்னார், மருத்துவர் தம் கோட்பாட்டைச் சொன்னார், இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பது என் சந்தேகம். எது சரியானாலும், இரு பாதி என்ற கதை நிற்காது. ஃபிராய்ட் சொன்னது சரி என்றால், குடிகாரியும் மரியாளும் ஒரே கிடங்கிலிருந்து வந்தவர்கள். கில்பேர் சொன்னது சரி என்றால், ஒரே காலி அறையில் அடுத்தடுத்துக் குடிவந்தவர்கள்.

குரலை முழுக்க எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்க்க ஒரு சோதனையும் கிடைத்திருக்கிறது. 1926-ல் முர்னோ எடுத்த 'ஃபாஸ்ட்' மௌனப்படத்தில் அவர் நாயகி கிரெச்சனின் அத்தை மார்த்தா. எமில் யானிங்ஸின் சாத்தான் அவளிடம் காதல் நடிக்கிறான். ஃபாஸ்டும் கிரெச்சனும் தோட்டத்தில் உருக, இந்தப் பக்கம் அதன் கேலிச் சித்திரம் நடக்கிறது. கையுறை இல்லை, பாட்டு இல்லை. ஆனாலும் கில்பேரின் பெயர் தெரியாத பார்வையாளரும் அந்த அம்மாளைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சாத்தானின் முகத்துதி காதில் விழுந்த பிறகு அது புத்திக்குப் போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவருடைய கண்ணும் வாயும் அளந்து காட்டுகின்றன. சான்ரோஃபின் வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் அவர் விட்ட இடைவெளிதான் அது.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது யூதரான கணவரோடு தெற்கே எக்ஸ்-ஆன்-புரோவான்சில் இருந்தார். 1944 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். அவருடைய பாட்டுகள் வேறு வாய்களுக்கு முன்பே போய்விட்டிருந்தன. 'ஃபியாக்ரை' 1939-ல் ழான் சாப்லோன் மென்மையான ஊஞ்சல் தாளத்தில் பாடிப் பெரும் பெயர் வாங்கினார். இனிமையான பதிவு, குதிரை நன்றாக ஓடுகிறது, வண்டி அழகாக ஆடுகிறது. ஆனால் கிழவர் செத்ததாகத் தெரியவில்லை. கில்பேரின் 1930-களின் பதிவில் குரல் கீறலும் மூச்சுமாக இருக்கிறது, சுருதி அங்கங்கே சறுக்குகிறது, வயது ஒளிக்கப்படவில்லை. அதில் அந்தப் பெண் வண்டியிலிருந்து இறங்கும்போது, கணவனை அடையாளம் கண்ட மறுநொடியே கையில் பணப்பை திறந்திருப்பது தெரிகிறது.