ஒரு மீட்டருக்குள்

திங்கள், சுகுபா, ஜப்பான்

டீ வேளையிலும் இடத்தகராறுதான். முடுக்கிக்காரர்கள் காந்தத்தை இன்னும் கிட்டே கொண்டுவரத் துடிக்கிறார்கள். டிடெக்டர்காரர்கள் “எங்கள் இடத்தில் கை வைக்காதீர்கள்” என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது நியாயம். கற்றைகள் மோதும் புள்ளியை ஒட்டிக் காந்தம் இருந்தால்தான் கற்றையை மெலிதாகக் குவிக்க முடியும். எங்கள் முடுக்கியான சூப்பர்கெக்பியின் கடைசிக் குவிப்புக் காந்தங்களில் மிகக் கிட்டே உள்ளவை புள்ளியிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே, பெல்-2 டிடெக்டரின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. புள்ளியில் கற்றையின் உயரம், வடிவமைப்புக் கணக்கில், சுமார் 50 நானோமீட்டர்.

டிடெக்டருக்கோ சொந்தமாக 1.5 டெஸ்லா புலம். துகள்களின் பாதையை வளைத்து உந்தத்தை அளக்க அது வேண்டும். அதே புலம் மெல்லிய கற்றையை முறுக்கிக் கெடுக்கும். அதை ஈடுகட்ட எதிர்ப்புலச் சுருள்கள். அவை வந்ததும் டிடெக்டருக்குள் புலம் மாறுகிறது. புல வரைபடத்தைத் திரும்ப அளக்க வேண்டும். ஒருவர் செய்வது மற்றவர் தலையில்தான் விடிகிறது.

புதன்

கற்றைகள் சந்திக்கும் கோணம் இதற்கு முந்தைய முடுக்கியான கெக்பியில் 22 மில்லிரேடியன், இப்போது 83. பழைய அமைப்பில் இரு கற்றைகளுக்கும் பொதுக் காந்தம். நடுவை விட்டு விலகிப் போகும் கற்றை அதில் வளையும். வளைந்தால் எக்ஸ் கதிர் கொட்டும், அதுவும் டிடெக்டரின் மடியிலேயே. கோணம் விரிந்ததால் 7 ஜிகாஎலெக்ட்ரான்வோல்ட் எலெக்ட்ரானுக்கும் 4 ஜிகாஎலெக்ட்ரான்வோல்ட் பாசிட்ரானுக்கும் தனித்தனிக் காந்தங்கள். எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

மோதற்புள்ளியைச் சூழ்ந்த நடுக்குழாய் பெரிலியம், ஆரம் 10 மில்லிமீட்டர். உள்ளே தங்கப் பூச்சு. ஆடம்பரமல்ல, எக்ஸ் கதிரை விழுங்கத்தான். டிடெக்டரின் முதல் பிக்சல் அடுக்கு 14 மில்லிமீட்டரில்.

வெள்ளி

ஹாம்பர்க்கில் இருந்த ஹெரா முடுக்கியின் கதையைப் படித்தேன். 2000-01இல் மோதல் வீதத்தைக் கூட்ட எச்1, சியூஸ் டிடெக்டர்களுக்குள் காந்தங்களை நுழைத்தார்கள். மறுபடி ஓட்டியபோது சிங்க்ரோட்ரான் கதிர் பட்டுத் தெறித்துத் திரும்பியது. குழாயில் எஞ்சிய வாயுவில் புரோட்டான்கள் முட்டின. கற்றை மின்னோட்டத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. 2003இல் நிறுத்தித் திருத்திய பிறகே நிலைமை சீரானது.

இங்கே இப்போதைய இழுபறி, சிதறும் துகள்களை வழியிலேயே வெட்டும் கவசத் தாடைகளைப் பற்றி. இறுக்கினால் டிடெக்டருக்கு நிம்மதி. ஆனால் கற்றையின் ஆயுள் குறையும், நிலைகுலைவும் தலைகாட்டும். தளர்த்தினால் பிக்சல்கள் அடிவாங்கும். அடுத்த வாரம் முதல் இரு தரப்புக் கணக்குகளையும் ஒரே நிரலில் ஏற்றி ஓட்டப் போகிறோம். தாடையின் இடைவெளியை இனி ஒரு குழு மட்டும் தீர்மானிக்காது.