கோடு போடும் கயிறு

"எங்க கோச் இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகுறார். அவர் கிரவுண்டுக்குக் கோடு போடுறதை ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார் நண்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வடசென்னைக் கல்லூரி மைதானம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று காலை அங்கே கால்பந்துப் போட்டி.

31 ஆண்டுகளாக அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவர். கால்பந்துப் பயிற்சியாளரும் அவரே. தோளில் பருத்திக் கயிற்றுச் சுருளோடு வந்தார். கயிற்றில் 9.15 மீட்டரில் ஒரு முடிச்சு, 11-ல் ஒன்று, 16.5-ல் ஒன்று, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீண்டு அளவைக் கெடுத்துவிடுமாம். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் எஃகு டேப்பை வைத்து முடிச்சுகளைச் சரிபார்ப்பார்.

மூலையில் முளை அடித்தார். பக்கக்கோட்டில் 8 மீட்டர், கோல் கோட்டில் 6 மீட்டர். இரண்டு நுனிக்கும் நடுவே 10 மீட்டர் வரும்வரை, கோடு போடும் பணியாளரான மார்க்கரை நகரச் சொன்னார். "இன்னும் ஒரு விரக்கடை உள்ள வாப்பா." செங்கோணம் வந்தது. பெனால்டி புள்ளியில் முளையடித்து 9.15 முடிச்சைச் சுழற்றினால் 'டி' வளைவு. நடுப்புள்ளியில் சுழற்றினால் நடு வட்டம். ஃப்ரீ கிக்கில் எதிரணி விலகி நிற்க வேண்டிய தூரமும் அதுவே.

டீ குடிக்க உட்கார்ந்தோம். கோச்சின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தார். 1920-ல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர். கயிற்று வேலையைக் கோச் அந்தக் கல்லூரியில்தான் கற்றாராம். பிறகு நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூட வேலை.

"பரீட்சை வந்தா பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்குவார். நான் சாயங்காலம் பசங்களைக் கூப்பிட்டுக் கயித்தைப் பிடிக்கச் சொல்வேன். ஆறு, எட்டு, பத்து. போர்டுல புரியாதவனுக்கு இங்க புரிஞ்சுடும்."

ஆட்ட உத்திகளைப் பற்றியும் நிறையச் சொன்னார். அவற்றை விளக்கும் அறிவு எனக்கில்லை. நெஞ்சில் தைத்தது சுண்ணாம்புக் கதை. கோட்டுக்குச் சாக் பவுடர்தான் போட வேண்டும். ஒரு சப்ளையர் சாக் பவுடருக்குப் பில் போட்டு, நீற்றிய சுண்ணாம்பை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார். பந்துக்குப் பாய்ந்த கோல்கீப்பர் பையனின் கண்ணுக்குள் அது போய்விட்டது. கோச் ஆட்டோவில் வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நல்லவேளை, பார்வைக்குப் பழுதில்லை. அன்றிலிருந்து தூளைத் தன் காசிலேயே வாங்குகிறார்.

மூட்டைக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு பிள்ளையின் கண்ணைப் பணயம் வைப்பவர்களை என்ன சொல்வது! மார்க்கரின் கூலியிலும் இதே கைதான். கல்லூரி கொடுப்பதற்கும் அவர் வாங்குவதற்கும் நடுவே ஓர் ஏஜென்சி. மழை பெய்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. புல்லில் கால் வைக்காதவர்களுக்கு மட்டும் மாதம் தவறாமல் பங்கு போகிறது. அடுத்து வரும் பயிற்சியாளருக்குத் தொகுப்பூதியம், 11 மாத ஒப்பந்தம். 11 மாதத்தில் பையன்களின் பெயர் பழகிவிடும். எவன் காலையில் சாப்பிடாமல் வருகிறான், எவன் வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறான் என்று கண்டுகொள்ள அது போதாது. அந்த இடத்தை நிரந்தரப் பணியிடமாக நிரப்ப வேண்டும். மார்க்கரின் கூலியைக் கல்லூரி நேராக அவர் கையில் கொடுக்க வேண்டும்.

டீக்குப் பிறகு நான்கு மூலையிலும் முளை இறங்கியதும் மூலைவிட்டங்களை அளந்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மைதானம் கோணவில்லை என்று பொருள். வெயில் ஏறிவிட்டது. பையன்கள் பூட்ஸ் மாட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"போதும்ப்பா, தூளைப் போடு" என்றார் கோச்.

"ரெண்டு விரக்கடை கோணுது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, மார்க்கர் குனிந்து முளையைப் பிடுங்கினார். கோச் ஒன்றும் சொல்லாமல் கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டு நடந்தார்.