கீரிப்பூச்சியும் எங்கள் வீட்டு மானமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுக்கொண்டே போன் பார்க்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

போன ஒரு மாதத்தில் என் பழைய மாணவிகள் மூன்று பேர் தனித்தனியாக இன்பாக்சில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூவரும் கடைசியில் ஒரே வரியைச் சேர்த்தார்கள்: "டீச்சர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." விஷயம் வேறொன்றுமில்லை, குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சி. நூல்புழு என்றும் சொல்வோம். ஒருத்தி வங்கியில் அதிகாரி, ஒருத்தி கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். சளி பிடித்தால் ஸ்டேட்டஸ் போடுகிற காலத்தில் இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு ரகசியம்? அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். மருமகளிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை, எனக்கும் நாலு பேரு படிச்சா நல்லதுதான்" என்றாள்.

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒன்றாம் வகுப்புப் போகும் பேரன் ராத்திரியில் தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தான். பின்பக்கம் அரிக்கிறது என்று சிணுங்குவான். பகலில் ஒன்றும் இருக்காது. உடம்புச் சூடு என்று நினைத்து மருமகள் தேங்காய் எண்ணெய் தடவினாள், மோர் கொடுத்தாள். பள்ளி டைரியில் "வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை" என்று எழுதி வந்தது. தூக்கம் இல்லாத பிள்ளை எப்படி உட்காருவான்?

அந்த நேரம் பார்த்து என் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார், "பூச்சிடி இது. இனிப்பாத் தின்னக் குடுத்தா வராம என்ன செய்யும்? ஆத்தாக்காரி காலையில பையைத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்குப் போயிட்டா, பிள்ளை கையக் கழுவுச்சா, கால் கழுவுச்சான்னு யாரு பாக்குறது?" மருமகள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் அக்கா சொன்னார். நோயைச் சரியாகச் சொன்ன அக்கா, காரணத்தை முழுக்கத் தவறாகச் சொன்னார்.

அன்று இரவு பேரன் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சு வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். வெள்ளைத் தையல் நூலை ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டிப் போட்ட மாதிரி, நெளிந்துகொண்டு. "நான் சுத்தமாத்தானே அத்தை வச்சிருக்கேன்" என்று அழுதாள். பாவம், அந்தப் பெண்ணுக்குப் பூச்சியைவிட அக்காவின் வார்த்தைதான் அதிகம் கடித்தது.

என்னிடம் படித்தவர்களுக்கு அஸ்காரிஸ் படம் வரைந்து பாகம் குறித்தது நினைவிருக்கும். அந்த உருளைப்புழுக் குடும்பத்துக்காரன்தான் இவனும். ஆனால் நடத்தை வேறு. அஸ்காரிஸின் முட்டை, கொக்கிப்புழுவின் முட்டை இரண்டும் மண்ணில் கிடந்து பக்குவப்பட வேண்டும். அதனால்தான் கழிப்பறை கட்டு, செருப்புப் போடு என்று உங்களிடம் அத்தனை வருஷம் கத்தினேன். கீரிப்பூச்சிக்கு மண்ணே தேவையில்லை. பெண் புழு பெருங்குடலில் இருந்து இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து தோலில் முட்டையிடும். ஒரு புழு 10,000 முட்டை வரைகூட இடும், அதோடு அதன் ஆயுசும் முடியும். முட்டையோடு ஒட்டுகிற பசைதான் அந்த அரிப்பு. பிள்ளை தூக்கத்தில் சொறிவான். முட்டை நகக்கண்ணில் ஏறும். சில மணி நேரத்திலேயே அது அடுத்தவருக்குத் தொற்றத் தயார். காலையில் அதே விரல் வாய்க்குப் போகும், இல்லாவிட்டால் தங்கையின் பொம்மைக்கு, பக்கத்து பெஞ்சுப் பையனின் பென்சிலுக்குப் போகும். விழுங்கிய முட்டை புழுவாகி மறுபடி முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம்.

இதில் சீனி எங்கே வந்தது? மிட்டாயில் கீரிப்பூச்சி பிறப்பதில்லை. அதிகம் மிட்டாய் தின்றால் பல் கெடும், அது தனிக் கணக்கு. நாய், பூனையிடமிருந்தும் இது வருவதில்லை, மனுஷனிடமிருந்து மனுஷனுக்குத்தான். டைல்ஸ் போட்ட அடுக்குமாடி வீட்டிலும் வரும், கூரை வீட்டிலும் வரும். பிள்ளைகள் கூடி விளையாடுகிற எந்த இடத்திலும் வரும். இதை அக்காவிடம் படம் போட்டே விளக்கினேன். "நீ டீச்சரு, எதையாவது சொல்லுவ" என்றார்.

பெண் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இந்தப் புழு சில நேரம் முன்பக்கமும் போய்விடும். சிறுமிக்கு அங்கே அரிப்பும் எரிச்சலும் இருந்தால் தாய் என்னென்னவோ நினைத்துப் பயந்துபோகிறாள். டாக்டரிடம் காட்டும்போது "பூச்சி இருக்குமா" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். மலப் பரிசோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம், முட்டை மலத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. காலையில் கழுவுவதற்கு முன்னால் ஒளிபுகும் செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி லேபில் கொடுத்தால் நுண்ணோக்கியில் தெரிந்துவிடும்.

டாக்டர் ஒரு நிமிஷத்தில் சீட்டு எழுதிவிட்டார். அல்பெண்டசோல். "வீட்டுல எத்தனை பேரு?" என்றுதான் அடுத்த கேள்வி. முக்கியமானது அதுதான். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். ஒருவரை விட்டால் அவரிடமிருந்து மறுபடி சுற்றி வரும். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை முழுதாக ஒழிக்காது. அதனால் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தடவை. பலர் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு "மாத்திரை கேக்கல" என்கிறார்கள். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவரிடம் மாத்திரையை நீட்டினேன். "எனக்கு எதுக்குப் பூச்சி மாத்திரை? நான் என்ன பச்சப்புள்ளையா?" பேரனை மடியில் வைத்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவர் இவர்தான். பேரனே தன் மாத்திரையைக் கடித்துத் தின்றுவிட்டு, "தாத்தா, சாக்கு மாதிரி இருக்கு, பயப்படாதீங்க" என்றான். அதற்கப்புறம் மறுக்க முடியவில்லை.

சங்கடமாக இருந்தது வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்வதுதான். அவள் குழந்தையும் இங்கேதான் பேத்தியோடு விளையாடும். எப்படிச் சொன்னாலும் "உன்னாலதான்" என்று அவள் காதில் விழுந்துவிடுமோ என்று மருமகள் தயங்கினாள். நானே சொன்னேன்: "எங்க வீட்டுப் பையனுக்குப் பூச்சி வந்திருக்கும்மா. உன் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கலாம். எல்லாரும் சேந்து சாப்பிட்டுருவோம்." அவள் சிரித்துவிட்டு, "எங்க வீட்டுலயும் ஒரு மாசமா இதே கதைதான்கா. சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவீகளோன்னு சொல்லல" என்றாள். ஒரு மாதம்! ஒரு புழுவின் முழுச் சுற்று. அவள் வீட்டிலும் அதே ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. அக்காவுக்கும் உண்டு. முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினார். இரண்டு வாரம் தள்ளி வந்த ஞாயிறை தினசரி காலண்டரில் மூலையை மடித்து வைத்தோம்.

சுத்தம் செய்கிற விஷயத்தில் மருமகளைத் தடுக்க வேண்டியதாயிற்று. காலை நாலரைக்கு எழுந்து மெத்தை உறை, திரைச்சீலை, பொம்மை என்று துவைத்துத் தள்ளினாள். அதெல்லாம் தேவையில்லை. முட்டை வெளியே இரண்டு வாரம் வரைகூட உயிரோடு கிடக்கும் என்பது உண்மைதான், அதற்காக வீட்டையே கொதிக்க வைக்க முடியாது. மாத்திரை சாப்பிட்ட மறுநாள் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, உள்ளாடை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். விரிப்பை உதறாமல் சுருட்டி எடுக்க வேண்டும், உதறினால் முட்டை காற்றில் பறக்கும். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. இரவில் அல்ல, காலையில் எழுந்ததும் குளிப்பாட்ட வேண்டும், ராத்திரி இட்ட முட்டை அப்போதுதான் போகும். நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் இறுக்கமான ஜட்டி போட்டுவிட்டு, சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தால் வேலை முடிந்தது.

எங்கள் சிறுவயதில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய் குடிக்க வைப்பார்கள், வேப்பங்கொழுந்து உருண்டை விழுங்க வைப்பார்கள். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அப்போது ஒரு நல்ல பழக்கம் இருந்தது: வீட்டில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பேதிக்குக் கொடுப்பார்கள். யாருக்குப் பூச்சி என்ற விசாரணையே கிடையாது.

2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை கொடுக்கிறார்கள், 1 முதல் 19 வயது வரை. அதைத் தவறாமல் சாப்பிட வையுங்கள். அது முக்கியமாக மண்ணால் பரவும் புழுக்களுக்கானது. அதே மாத்திரை கீரிப்பூச்சியையும் கொல்லும், ஆனால் பள்ளியில் பிள்ளை மட்டும் சாப்பிட்டு வந்தால் வீட்டில் மிச்சப் பேர் இருக்கிறார்களே.

ஒரு பழைய சம்பவம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெஞ்சில் நெளிந்துகொண்டே இருப்பாள். "ஒழுங்கா உக்காரத் தெரியாதா" என்று வேறொரு ஆசிரியர் அவளைத் தினமும் வெளியே நிறுத்துவார். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோது அழுதாள். அம்மாவை வரவழைத்தேன். அந்த அம்மா முதலில் சொன்னது, "டீச்சர், இவங்க அப்பாவுக்குத் தெரிய வேணாம், பிள்ளைய ஒழுங்கா வளக்கலன்னு என்னைத்தான் அடிப்பாரு." கிராம சுகாதார செவிலியரிடம் நானே கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அப்பாவுக்கும் கொடுக்க வேண்டும் என்று செவிலியர் சொன்னார். காபியில் பொடித்துப் போட்டதாக அந்த அம்மா பிறகு சொன்னார். சொல்லாமல் மருந்து கொடுப்பது சரியில்லைதான். அந்த வீட்டில் வேறு வழி என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டாவது மாத்திரைக்குப் பின் பேரன் நன்றாகத் தூங்கினான். ஆனால் நவம்பரில் மறுபடி வந்தது. பள்ளியிலிருந்துதான் இருக்கும், இது திரும்ப வருகிற ஆசாமி. இந்தத் தடவை டார்ச்சு தேவைப்படவில்லை. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது பேரன் கூடத்துக்கு வந்து, "அப்பத்தா, எனக்குக் கீரிப்பூச்சி திரும்பி வந்துருச்சு, எல்லாருக்கும் மாத்திரை வாங்கணும்" என்று சத்தமாக அறிவித்தான். நான் மருமகள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் அம்மாவிடம் காபியை நீட்டிக்கொண்டே, "நீங்க எத்தனை நாள் இருக்கப் போறீங்கம்மா? உங்க ரெண்டு பேருக்கும் சேத்தே வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்றாள்.