ரிஷபவாகனரின் தலைமுடி

சுவாமிமலை முருகனைப் பார்க்க ஏறும் படிகள் 60. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளின் பெயர்களே அவற்றுக்கும். அதனால் சித்திரை முதல் நாள் இந்த ஊரில் கூட்டம் அதிகம். கூட்டத்திலிருந்து நழுவி நான் போனது ஒரு வார்ப்புப் பட்டறைக்கு.

அன்று வேலையாட்களுக்கு விடுமுறை. உலை அணைந்து கிடந்தது. ஸ்தபதி மட்டும் மெழுகோடு உட்கார்ந்திருந்தார். வருஷப் பிறப்பன்று கை சும்மா இருக்கக் கூடாதாம். ஒரு விரலையாவது பிடித்துவிட்டுத்தான் சாப்பாடு.

"இந்த வருஷம் புதுசா என்ன செய்யப் போறீங்க ஐயா?" என்றேன்.

"ரிஷபவாகனர் தலைமுடி. அதப் பிடிச்சுடணும் தம்பி."

அவர் சொன்னது திருவெண்காட்டுப் படிமத்தை. இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ராஜராஜன் காலம், கி.பி. 1011. சடையையே தலைப்பாகையாகச் சுற்றி, நடுவே பாம்புகள் நெளிய, ரிஷபத்தின் மேல் கையை ஊன்றி நிற்கிறார் சிவன். ரிஷபம் இன்று இல்லை. கை அந்தரத்தில் நிற்கிறது. பார்ப்பவர்களுக்கோ மாடு இருப்பது போலவே படும். முழுச் சிலையைச் செய்யும் ஆசை ஸ்தபதிக்கு இல்லை. சடையின் சுற்று மட்டும், அந்தக் கனம் தெரியாத கனம் மட்டும், கைக்கு வந்தால் போதும் என்கிறார். போன வருஷம் முழுக்க உருட்டி உருட்டி அழித்திருக்கிறார். எனக்கு அது அடக்கமான ஆசையாகத் தோன்றவில்லை, பேராசைதான்.

தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். காய்ச்சி வடிகட்டிய இந்தக் கலவைதான் சிலையின் முதல் உடம்பு. சித்திரை வெயிலில் அது இளகிக்கொண்டே இருக்கும் என்பதால் பக்கத்தில் தண்ணீர் வாளி. முடியிழை ஒன்றை உருட்டுவார், தண்ணீரில் நனைப்பார், சூடு காட்டிய கம்பியால் ஒட்டுவார், முகத்தைச் சுளித்துப் பிய்த்துப் போடுவார். அளவுக்குத் தென்னையோலைக் கீற்று, ஒடியோலை என்கிறார்கள். சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்கை, அதாவது உறுப்புகளின் அளவு விகிதத்தை, அதிலேயே குறிக்கிறார்கள். சிவனுக்கு உத்தம தச தாளம், 124 அங்குலம். இந்த அங்குலம் சிலைக்குச் சிலை மாறும் அளவு. கடையில் விற்கும் ஸ்கேலில் கிடையாது.

மெழுகு முடிந்ததும் காவிரி வண்டலை மெல்லப் பூசி, அதன் மேல் வயல்மண்ணும் மணலும் அப்பி, கம்பி கட்டி, காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும்: பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் பித்தளை, ஈயம். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். அச்சு போயே போயிற்று. அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்துதான். உடைத்த பிறகு உளியும் அரமும் ஆரம்பம். சில சிலைகளுக்கு வார்ப்பைவிட இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நின்ற 27 அடி நடராஜர் இந்த ஊர் ஸ்தபதிகளின் வேலை. அதிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் "எத்தனை அடி வரைக்கும் செய்வீங்க?" என்றே கேட்கிறார்களாம். இல்லாவிட்டால், மண்ணுக்குள் கிடந்தது போலப் பாசிபிடித்த நிறம் வேண்டும் என்பார்கள். அதற்கும் கைவசம் வித்தை உண்டு. செய்து கொடுக்கிறார், சந்தோஷமாக இல்லை. "நல்லா இழைச்ச முகத்துல எதுக்குத் தம்பி அழுக்கு?"

மகன் கோயம்புத்தூரில் கணினி வேலையில் இருக்கிறார். அதைப் பற்றி ஸ்தபதியும் பேசவில்லை, நானும் கிளறவில்லை. பட்டறையில் இருக்கும் பையன்களில் ஒருவனுக்கு விரல் வாகு இருக்கிறதாம். அவனை இந்த ஆண்டு அரத்திலிருந்து மெழுகுக்கு மாற்றுவது ஸ்தபதியின் இரண்டாவது திட்டம்.

நான் கிளம்பும்போது பிய்த்துப் போட்ட இழைகள் மறுபடி சட்டியில் உருகிக்கொண்டிருந்தன. வாசலில் காரில் வந்திறங்கிய ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "கிலோ என்ன விலை?"

சுவாமிமலைக்குச் சிலை வாங்கப் போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். எடையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் சிலையைத் திருப்பி, பின்னால் முடி எப்படி விழுகிறது என்று பாருங்கள். விலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.