249 கிராம்

தியானப் பகுதி: ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம்



விடுமுறைக்காலம் நெருங்குகிறது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்வோரும், பரிசுத்த தேசப் பயணத்திற்கு ஆயத்தமாவோரும் நம் சபையில் பலர் உள்ளனர். பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்று சிலர் என்னிடம் வந்து கேட்கிறீர்கள். ஊறுகாயைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் பேசி முடித்தபின் நானே ஒரு கேள்வி கேட்பதுண்டு: “ட்ரோன் ஏதேனும் கொண்டு போகிறீர்களா?” அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை இவ்வாரம் உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன். அறிக்கை என்ற சொல்லை அறிந்தே எழுதுகிறேன். இதில் தவறு என்னுடையது.

2023 பிப்ரவரியில் நாற்பது பேர் கொண்ட குழுவாக யோர்தான், இஸ்ரவேல், எகிப்து ஆகிய தேசங்களுக்குச் சென்றோம். அம்மானில் இறங்கி, கெய்ரோவிலிருந்து தாயகம் திரும்புவது பயணத் திட்டம். எங்களோடு ஒரு வாலிபத் தம்பி வந்தார். கைபேசி பழுது பார்க்கும் கடையில் வேலை. ஏழு மாதச் சேமிப்பில் 2021-இல் ஒரு சிறிய ட்ரோன் வாங்கியிருந்தார். அறுப்பின் பண்டிகை நாளில் நம் ஆலயத்தையும் பந்தலையும் வானிலிருந்து அவர் எடுத்த படத்தைக் கண்டு நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். “நேபோ மலையை இப்படி மேலிருந்து எடுத்து வந்தால், சபை ஆண்டு விழாவில் திரையிடலாமே” என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.

“அங்கே பறக்கவிட அனுமதி உண்டா, ஐயா?” என்று அவர் கேட்டார்.

“249 கிராம்தானே, தம்பி! யார் கேட்கப் போகிறார்கள்?” என்றேன்.

நம் நாட்டில் 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்க ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. அந்த ஒரு விவரத்தை வைத்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பயண முகவர் தந்த அறிவுரைக் கையேட்டின் கடைசியில் “வாசித்து ஏற்றுக்கொண்டேன்” என்று நாற்பது பேர் சார்பிலும் கையொப்பமிட்டவனும் நானே. அதை நான் வாசிக்கவில்லை.

வாசித்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். விமானம் மாறுவதற்காகக் காத்திருந்த இடத்தில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஐயா, நான்காம் பக்கத்தைப் பார்த்தீர்களா?” என்றார். முன் அனுமதியின்றி யோர்தானுக்குள் ட்ரோன் கொண்டு வரலாகாது. எகிப்திலோ, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதியின்றி அதைப் பறக்கவிடுவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. எடை குறைந்தவற்றுக்கு அங்கே தனிச் சலுகை ஏதுமில்லை.

அம்மான் விமான நிலையத்தில் பெட்டிகளுக்காகக் காத்து நின்றபோது குழுவில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: இயந்திரத்தை ஒரு பெட்டியிலும், இயக்கியை வேறொரு பெட்டியிலும், மின்கலங்களை மூன்றாமவர் கைப்பையிலுமாகப் பிரித்து வைத்துவிடலாம், பொம்மை என்று சொல்லிவிடலாம். நான் உடனே மறுத்துப் பேசவில்லை. ஏறக்குறைய பத்து நிமிடம் மௌனமாக நின்றேன். தேவனுடைய மகிமைக்காகத்தானே படம் எடுக்கிறோம் என்று என் உள்ளம் எனக்காக வாதாடியது. என்னை முதலில் தடுத்தது பக்தி அல்ல, பயம். மூன்று பெட்டிகளில் ஒன்று பிடிபட்டாலும் நாற்பது பேரின் பயணம் நின்றுவிடுமே என்ற பயம். அதற்குப் பின்னரே அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். நான் எதைச் சொல்கிறேனோ அதைச் செய்ய அவர் ஆயத்தமாக நின்றார். மறைத்து வை என்று அன்று நான் சொல்லியிருந்தால், அந்த இயந்திரத்தை மட்டுமல்ல, பொய்யையும் சேர்த்து அவர் கையில் கொடுத்திருப்பேன்.

“நாமே போய்க் காட்டிவிடுவோம், தம்பி” என்றேன். காட்டினோம். சுங்க அதிகாரி கடுமையாகப் பேசவில்லை. பொருளை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார். இதே விமான நிலையத்தின் வழியே திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம் என்றார். நாங்கள் திரும்புவதோ கெய்ரோ வழியாக. அவருடைய ஏழு மாதச் சேமிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் நேபோ மலையில் நின்றோம். கீழே சவக்கடல், யோர்தான் பள்ளத்தாக்கு, அப்பால் எரிகோ. கடந்துபோகக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு மனிதர், காணும்படி அனுமதிக்கப்பட்டதை மட்டும் கண்டு நின்ற இடம் அது. அந்தத் தம்பி வெகு நேரம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரருகே நிற்க எனக்கு வெட்கமாயிருந்தது.

அன்றிரவு ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சாராள் மரித்தபோது ஆபிரகாமுக்குச் சொந்தமாக ஒரு கல்லறை நிலம்கூட இல்லை. தேசம் முழுவதும் அவருக்கு வாக்குப்பண்ணப்பட்டிருந்தது. ஆயினும் அவர் ஏத்தின் புத்திரருக்கு முன்பாக எழுந்து வணங்கி, தம்மைப் பரதேசி என்றே சொல்லிக்கொண்டார். எப்பெரோன் நிலத்தை இலவசமாய்த் தருவதாகச் சொல்லியும், பட்டணத்து வாசலில் எல்லாருடைய செவிகளும் கேட்க, நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். வாக்குத்தத்தம் தம்மிடம் இருப்பதால் அவ்வூர் வழக்கம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று அவர் எண்ணவில்லை. அவர் கொடுக்க வேண்டியதை அறிய நிறுத்தார். நானோ தப்பித்துக்கொள்ள நிறுத்தேன்.

பிரியமானவர்களே, ஊர் திரும்பியபின் இவ்விதிகளைத் தேடி வாசித்தேன், உங்களுக்கும் பயன்படும். அமெரிக்காவில் 250 கிராமை எட்டும் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவோர் எடை எதுவாயினும் ஓர் இணையவழித் தேர்வில் தேற வேண்டும். தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் எல்லோஸ்டோன் பூங்காவின் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றில் வெளிநாட்டுப் பயணி ஒருவரின் ட்ரோன் விழுந்து மூழ்கியது. அபராதமும் இழப்பீடுமாக 3,000 டாலருக்கு மேல் அவர் செலுத்த நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கேமரா பொருத்தியதாயின் 250 கிராமுக்குக் குறைந்தாலும் இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும். 120 மீட்டருக்கு மேல் பறக்கவிடலாகாது. பிரிட்டனில் 2026 ஜனவரி முதல் 100 கிராமிலேயே கட்டுப்பாடு தொடங்குகிறது. பிள்ளைகள் அன்பாய் வாங்கித் தந்தாலும், வெளிநாட்டு ட்ரோன்களை நம் நாட்டுக்குள் இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளது என்பதையும் மறவாதிருங்கள். விதிகள் மாறிக்கொண்டேயிருப்பதால், புறப்படுமுன் அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் நீங்களே வாசியுங்கள். கையொப்பமிடுமுன் வாசியுங்கள்.

அந்த ட்ரோனுக்குரிய தொகையை மாதந்தோறும் பகுதி பகுதியாக நான் கொடுத்து முடித்தேன். “வேண்டாம், ஐயா” என்று அவர் பலமுறை மறுத்தார். அது தானமல்ல, கடன் என்று சொல்லியே கொடுத்தேன்.

என் கதையை வாசித்த நீங்கள் உங்கள் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வரிக் கணக்கில் சொல்லாமல் விட்ட சிறு தொகை, வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் மறைத்த ஒரு வரி, “இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்” என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரியங்கள் அங்கே இருக்கக்கூடும். முக்கியமாக, உங்கள் வார்த்தையை நம்பி அவற்றைச் சுமக்கும் இளையவர் யாரேனும் உண்டா என்று பாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, அந்நிய தேசத்திலும் சொந்த ஊரிலும் நாங்கள் பரதேசிகளே என்பதை உணர்த்தும். ஒருவரும் கேளாதபோதும் உண்மையைத் திறந்து காட்டும் மனதைத் தாரும். எங்களால் பிறருக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சரிசெய்யக் கிருபை செய்யும். ஆமென்.