திடல் போன பிறகு வந்த லீக்

மலேசியாவில் காற்பந்து முழுநேரத் தொழிலாக மாறிய முதல் பருவம் 1994. முடிவுகளை மட்டும் பார்த்தால் நல்ல பருவம்தான். மாநில அணிகளோடு சிங்கப்பூரும் புருணையும் ஆடின. லீக்கும் மலேசியக் கிண்ணமும் சிங்கப்பூருக்கே போயின. இறுதி ஆட்டத்தில் பகாங்கை 4-0 என்று அடித்தார்கள், அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல். ஆனால் ஈப்போவில் என் பெரியப்பா வயதுக்காரர்களிடம் 1994 என்று சொல்லிப் பாருங்கள். கோல் எதுவும் ஞாபகத்துக்கு வராது. "அந்தக் காசு வாங்குன வருசமா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் பிறந்தது அதற்குப் பிறகு. அந்தப் பருவத்தை முழுக்க முழுக்கப் பெரியப்பாவின் வாய்வழியாகவும் பழைய பத்திரிகைச் செய்திகள் வழியாகவும்தான் அறிவேன். பந்தயக்காரர்களிடம் பணம் வாங்கி ஆட்டத்தை விற்றதாக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தடை செய்யப்பட்டார்கள். நீதிமன்றத்துக்கே கொண்டுபோகாமல், சட்டத்தைக் காட்டி ஊர்விட்டு ஊர் அனுப்பப்பட்டவர்களும் உண்டு. சிங்கப்பூர் அந்தப் பருவத்தோடு விலகி, 1996ல் சொந்தமாக லீக் தொடங்கியது. தொழில்முறையின் முதல் வருடமே நம்பிக்கை போன வருடமாகவும் ஆகிவிட்டது.

1989ல் அரைத்தொழில்முறை லீக் வருவதற்கு முன்பு ஆட்டக்காரர்களுக்கு வேறு வேலை இருந்தது. பகலில் போலீஸ், வங்கி, மின்சார வாரியம். சாயங்காலம் பயிற்சி. முழுநேரம் என்றானதும் காலே சம்பளம் ஆகிவிட்டது. முழங்கால் போனால் சம்பளமும் போகும். அப்படிப்பட்ட ஒருவனிடம் வந்து, "நீ தோற்கக்கூட வேண்டாம்பா, ரெண்டு கோலுக்கு மேல ஜெயிக்காம இரு, போதும்" என்று ஒருவன் சொன்னால்? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தப்பு தப்புதான். ஆனால் தாங்குகம்பி போடாமல் மாடி கட்டினால் விரிசல் எங்கே விழும் என்று எந்தப் பொறியாளரும் சொல்லிவிடுவான்.

தொழில்முறை விளையாட்டுகளின் முதல் பருவங்கள் பெரும்பாலும் இப்படித்தானோ என்னவோ. கனடாவில் பனி ஹாக்கிக்கான தேசிய ஹாக்கி லீக் 1917 நவம்பரில் மொண்ட்ரியாலில் ஒரு ஹோட்டலில் தொடங்கப்பட்டது. பிடிக்காத ஓர் அணி முதலாளியைக் கழற்றிவிட, பழைய சங்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆடியது நான்கே அணிகள். 1918 ஜனவரி 2ல் மொண்ட்ரியால் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. அங்கே ஆடிவந்த வாண்டரர்ஸ் அணி பருவத்தின் நடுவிலேயே கலைந்தது. மீதி மூன்று அணிகள் ஆடி முடித்தன. அந்த லீக் இன்றும் இருக்கிறது. வாண்டரர்ஸ் இல்லை. லீக் பிழைத்ததைத்தான் வரலாறு என்கிறோம். திடல் இல்லாமல் போனவன் அதில் ஒரு வரி.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன.

சுங்கை சிப்புட் பக்கம் பெரியப்பா வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு திடல் இருந்தது. காலையில் பெரட்டு, பால் வெட்டு. சாயங்காலம் பந்து. பூட்ஸ் இருந்தவன் போடுவான், இல்லாதவன் வெறுங்கால். "கிராணி மகனும் வருவான், மண்டோர் மகனும் வருவான். ஆனா எங்கள மாதிரி ஓட முடியாது" என்பார் பெரியப்பா. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும். ஜெயித்த அணிக்கு ஒரு கிண்ணம், ஒரு சாப்பாடு.

எம்.சந்திரன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடினார். ஆர்.ஆறுமுகம் கோல் கம்பத்துக்கு நடுவே நின்ற அணி 1980 மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றது, அரசியல் காரணத்தால் போகவில்லை. எங்கள் பேராவுக்கு எம்.கராத்து ஆடினார். பின்னாளில் பயிற்றுநராகி 2011ல் கிளந்தானுக்கு சூப்பர் லீக் வாங்கிக் கொடுத்தார். இவர்கள் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள் என்று சொல்லவில்லை. ஆனால் வானொலியில் இவர்கள் பெயரைக் கேட்டுவிட்டுத் திடலுக்கு ஓடிய பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள்.

1990களின் தொடக்கத்தில் உலக ரப்பர் உற்பத்தியில் மலேசியா முதலிடத்தை இழந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பு வந்தது. பெரியப்பா குடும்பம் புந்தோங்குக்கு மாறியது. அவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனார். அதாவது, காற்பந்து ஆடினால் சம்பளம் கிடைக்கும் என்ற காலம் வந்த அதே சில வருடங்களில், காசில்லாமல் காற்பந்து கற்ற இடம் நம்மிடமிருந்து போய்விட்டது. வேலை திறந்தது, பள்ளிக்கூடம் மூடியது.

தேசிய அணிப் பட்டியலில் இப்போது நம் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. இதைப் பேசும்போதெல்லாம் "ஒதுக்கிட்டாங்க" என்பார்கள், இல்லாவிட்டால் "நம்ம பசங்களுக்கு அக்கறை இல்ல" என்பார்கள். முதலாவதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவதை நம்பவே மாட்டேன். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஆடும் பையனைப் பார்த்தவன் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டான். இன்றைக்குப் பந்து கற்க மாதக் கட்டணம் வேண்டும், கொண்டுபோய் விடக் கார் வேண்டும், சனிக்கிழமை வேலையில்லாத அப்பா வேண்டும்.

இதற்கிடையில் 1998லும் 2000லும் 2018லும் மலேசியக் கிண்ணம் வென்ற பேரா, 2025-26 சூப்பர் லீக்கிலேயே இல்லை. பணம் இல்லை என்று விலகிக்கொண்டது. செய்தியைக் காட்டினேன். பெரியப்பா கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, "காசு வந்தா வரும், அது பெருசில்ல. மறுபடி ஆரம்பிக்க ஆடத் தெரிஞ்ச பசங்க இருக்கணும்ல" என்றார்.

அணியை மீட்க முதலாளியைத் தேடுகிறோம், அது சரிதான். கூடவே ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் திடலும் பள்ளி முடிந்த பிறகு பூட்டப்படாமல் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். லீக்கை எப்போது வேண்டுமானாலும் மறுபடி தொடங்கலாம். பத்து வயதில் பந்து கிடைக்காத பையனுக்கு மறுபடி பத்து வயது வராது.